எதிர்க்காற்றில் ஒரு வலம்

அகாஷி ரயில் நிலைய வாசலில் சைக்கிளைப் பூட்டி முடித்து நிமிர்ந்தபோது, கையில் ஒரு குட்டி ஸ்பிரிங் மிச்சம் இருந்தது.

ஜப்பானில் சைக்கிளை ரயிலுக்குள் அப்படியே உருட்டிக்கொண்டு போக முடியாது. சக்கரங்களைக் கழற்றி, சட்டத்தோடு சேர்த்துக் கட்டி, ஒரு முனைகூட வெளியே தெரியாமல் பைக்குள் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். 'ரின்கோ' என்று பெயர். தேறியவர்கள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். நான் ஒசாகாவில் கழற்ற இருபது நிமிடம், அகாஷியில் பூட்ட அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். இரண்டு முழங்கையிலும் செயின் எண்ணெய்.

"தம்பி, அது முன் சக்கரத்து ஸ்பிரிங். அது இல்லாமலும் ஓடும், பைக்குள்ள போடுங்க" என்றார் அண்ணன்.

அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. மதுரைக்காரர். இருபது வருஷமாகக் கோபேயில் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டிய பிறகு சைக்கிள் பைத்தியம் பிடித்தவர். அவாஜித் தீவை ஏற்கெனவே நான்கு முறை சுற்றியிருக்கிறார். ஐந்தாவது முறைக்குத் துணையாக என்னை இழுத்துவந்தார். துணை என்றா சொன்னேன், சுமை என்று திருத்திக்கொள்ளுங்கள்.

அவாஜியைச் சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்கு 'அவாயிச்சி' என்று பெயர். அவாஜி ஒரு சுற்று என்பதன் சுருக்கம். பிவா ஏரியைச் சுற்றினால் 'பிவாயிச்சி'. அவாயிச்சியின் தூரம் சுமார் 150 கிலோமீட்டர். வழியைக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம். மொத்த ஏற்றம் ஆயிரம் மீட்டருக்கு மேல் வரும். படத்தில் பார்த்தால் கடலோரச் சாலைதானே, சமதளமாகத்தானே இருக்கும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

தீவின் இரண்டு முனைகளிலும் பாலம் உண்டு. தெற்கே நாருட்டோ பாலம், 1985இல் திறந்தது. வடக்கே அகாஷி ஜலசந்திப் பாலம், 1998. இரண்டும் அதிவேகச் சாலைகள் என்பதால் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஆகவே அகாஷித் துறைமுகத்திலிருந்து இவாயாவுக்குப் படகு. சைக்கிளுக்குத் தனி டிக்கெட். இங்கே மூட்டை கட்ட வேண்டியதில்லை, அப்படியே உருட்டி ஏற்றலாம். பதின்மூன்று நிமிடப் பயணம்.

பாதி வழியில் படகு அந்தப் பாலத்துக்கு அடியில் போகிறது. எல்லோரும் செல்போனை எடுத்தார்கள், நானும் எடுத்தேன். கோபுரங்களுக்கு நடுவே 1,991 மீட்டர். 2022இல் துருக்கியில் ஒரு பாலம் வரும்வரை உலகிலேயே நீளமான தொங்குபால இடைவெளி இதுதான். வரைபடத்தில் போட்டிருந்த கணக்கு 1,990 மீட்டர். மீதி ஒரு மீட்டரைக் கட்டியது பொறியாளர்கள் இல்லை. 1995 ஜனவரி 17 நிலநடுக்கத்தின்போது கோபுரங்கள் நின்றிருந்தன, சாலைத்தளம் இன்னும் போடவில்லை. நிலம் நகர்ந்ததில் கோபுரங்கள் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் விலகிப்போயின. வரைபடத்தைத் திருத்திக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

இவாயாவில் இறங்கியதும் எந்தப் பக்கம் திரும்புவது என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. ஜப்பானில் நம்மூர் போலவே இடதுபக்கம்தான் வண்டி ஓட்ட வேண்டும். கடிகாரம் சுற்றும் திசையில் போனால் கடல் எப்போதும் இடக்கைப் பக்கம் இருக்கும். நமக்கும் கடலுக்கும் நடுவே எதிர்வண்டி கிடையாது. இது புரிந்ததும் அண்ணனிடம் சொன்னேன்: "அப்போ தீவு நமக்கு வலக்கைப் பக்கம். இது வலம் வர்றதுதானே?"

"திருவண்ணாமலையில கிரிவலம் பதினாலு கிலோமீட்டர். இது பத்து மடங்கு. புண்ணியமும் பத்து மடங்கு வரணும்ல?" என்று கேட்டுவிட்டு அவர் மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

கிழக்குக் கரையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தேசிய நெடுஞ்சாலை 28, நல்ல தார், லாரிகள், மீன்பிடித் துறைகள், எட்டிப்பிடிக்கும் தூரத்தில் கொன்பினி என்று இங்கே சொல்லும் கடைகள். ஓரிடத்தில் அண்ணன் கையை நீட்டி, "அங்கதான் நின்னுச்சு" என்றார். ஒன்றும் இல்லை, வெறும் மேடு. 1982இல் ஒரு தொழிலதிபர் அங்கே பீடத்தோடு சேர்த்து 100 மீட்டர் உயரத்துக்குக் கானன் என்ற பௌத்தக் கருணைத் தெய்வத்தின் சிலை ஒன்றைக் கட்டினாராம். அவரும் போய், குடும்பமும் போய், 2006இல் பூட்டிவிட்டார்கள். அப்புறம் பதினைந்து வருஷம் பாழடைந்த வெள்ளைப் பூதமாக நெடுஞ்சாலையை முறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. கடைசியில் வாரிசு இல்லாமல் அரசு கையில் வந்துசேர, இடித்துவிட்டார்கள். அண்ணன் முதல் தடவை வந்தபோது நெஞ்சுவரை சாரம் கட்டியிருந்ததாம். "மழைக்குப் போர்வை போத்தின மாதிரி" என்றார்.

சுமோட்டோ வரைக்கும் முப்பத்தேழு, முப்பத்தெட்டு கிலோமீட்டர் இருக்கும். காற்று முதுகுப் பக்கம். மணிக்கு இருபத்தெட்டு, முப்பது என்று காட்டிக்கொண்டிருந்தது மீட்டர். நான் நல்ல ஓட்டக்காரன் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. முதுகில் காற்று இருக்கும்போது அதைக் காற்று என்று யாரும் நினைப்பதில்லை, தன் கால் என்றுதான் நினைப்பார்கள்.

அந்தத் தெம்பில்தான் இரண்டாவது தவறு. சுமோட்டோவில் அண்ணன் கடையில் நுழைந்து நான்கு ஒனிகிரி, அதாவது சோற்று உருண்டை, வாங்கினார். நான் ஊறுகாய்ப் பிளம் வைத்தது ஒன்றை மட்டும் தின்றுவிட்டு, "அடுத்த கடையில பாத்துக்கலாம்ணே" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

யுரா என்கிற மீன்பிடி ஊரைத் தாண்டியதும் நெடுஞ்சாலைக் கூட்டம் நின்றுபோகிறது. சாலை சட்டென்று மலைக்குள் ஏறுகிறது. காட்டுக்குள் வளைந்து வளைந்து, பத்து சதவீதத்தைத் தொடும் சரிவுகள். ரோடு பைக்கின் கடைசி கியருக்கு வந்த பிறகும் விரல் பழக்கத்தில் இன்னொரு தடவை நெம்புகோலைத் தட்டிப் பார்க்கும். இல்லாத கியரை. அந்த வெறும் 'டிக்' சத்தம் மாதிரி மனசை உடைப்பது வேறொன்றும் இல்லை.

உச்சியிலிருந்து இறங்கினால் தெற்குக் கரை. 'சுய்சென் லைன்' என்று இந்தச் சாலைக்குப் பெயர். சுய்சென் என்றால் நர்கிஸ் பூ. யுசுருஹா மலை 608 மீட்டர், தீவிலேயே உயரம். அதன் அடிவாரம் நேராகக் கடலில் இறங்குகிறது. மலைக்கும் அலைக்கும் நடுவே ஒற்றை நாடா போல இந்தச் சாலை. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை அந்தச் சரிவு முழுக்கப் பூக்குமாம். நாங்கள் போனது மே கடைசி, பூ இல்லை, கூட்டமும் இல்லை. வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் தடுப்புச் சுவர், அதற்கு அப்பால் கண்ணாடி மாதிரி கடல். காட்டுக் குரங்குகள் திரியும் இடம் என்றார் அண்ணன், அன்றைக்கு ஒன்றும் தென்படவில்லை. கடையும் தென்படவில்லை. யுராவிலிருந்து ஃபுகுரா வரை முப்பது சொச்சம் கிலோமீட்டருக்குக் கொன்பினி கிடையாது. இதைத்தான் அவர் பார்வையால் சொல்லியிருக்கிறார்.

எங்கேயோ ஒரு திருப்பத்தில் என் கால் நின்றுவிட்டது. வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை. வெறுமனே ஆள் காலி. கை லேசாக நடுங்குகிறது, கண்ணுக்கு முன்னால் கடல் வெளுத்துக்கொண்டே போகிறது. சைக்கிள்காரர்கள் பயப்படுவது இதற்குத்தான். உடம்பில் இருக்கும் சர்க்கரை தீர்ந்துவிட்டால் மன உறுதி, மண்ணாங்கட்டி எதுவும் வேலைக்கு ஆகாது. தடுப்புச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன்.

அண்ணன் திரும்பி வந்தார். முதுகுப் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். கோவில்பட்டிக் கடலை மிட்டாய். ஊரிலிருந்து வந்தவர் யாரோ கொடுத்ததாம். ஜப்பான்காரர்கள் வழியில் தின்பதற்கென்றே பட்டை பட்டையாக ஜெல் விற்கிறார்கள். அவற்றையெல்லாம் தின்று பார்த்தவன் சொல்கிறேன், வெல்லப்பாகில் ஒட்டிய வேர்க்கடலைக்குப் பக்கத்தில் எதுவும் வராது. மூன்று பட்டை, அரை பாட்டில் தண்ணீர், கால் மணி நேரம். கடல் மறுபடியும் நீலமானது.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எதிரே நூஷிமா தெரிந்தது. நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்னத் தீவு. ஜப்பானியர்களின் படைப்புக் கதை இந்தப் பக்கத்தைச் சுற்றித்தான் வருகிறது. இசானாகி, இசானாமி என்று ஒரு ஆண் தெய்வம், ஒரு பெண் தெய்வம். வானத்துப் பாலத்தில் நின்று ஈட்டியால் கடலைக் கலக்கி எடுக்க, முனையிலிருந்து சொட்டிய உப்பு உறைந்து ஒனோகோரோ என்ற தீவு ஆனதாம். அது நூஷிமாதான் என்று இங்கே சொல்கிறார்கள். இதே உரிமையைக் கொண்டாடும் இடங்கள் வேறு சிலவும் உண்டு. அந்தத் தீவில் ஒரு தூண் நட்டு, அவர் இடமாகவும் அவள் வலமாகவும் சுற்றி வந்து சந்தித்திருக்கிறார்கள். பெண் முதலில் பேசிவிட்டாளாம், அதனால் பிள்ளை சரியாகப் பிறக்கவில்லையாம். மறுபடி சுற்றி, இந்தத் தடவை ஆண் முதலில் பேச, பிறந்த முதல் தீவு அவாஜி. 712இல் தொகுத்த கோஜிகி என்ற நூலில் இப்படி இருக்கிறது. பெண் முதலில் பேசக் கூடாது என்கிற பஞ்சாயத்து எல்லா ஊரிலும் இருந்திருக்கிறது போல. என்னை இழுத்தது அந்தச் சுற்றுதான். முதல் சுற்று சரியில்லை என்றால் மறுசுற்று வந்துகொள்ளலாம் என்று அந்தக் கதை அனுமதிக்கிறது. என் நிலைமையில் அது ஆறுதலாக இருந்தது.

ஃபுகுராவில் சோறு. அதைப் பற்றி ஒரு பத்தி எழுதினால் வயிறு மறுபடி கூப்பிடும், விடுங்கள்.

ஃபுகுராவிலிருந்து நீர்ச்சுழல் பார்க்கப் படகு விடுகிறார்கள். எங்களுக்கு நேரமில்லை. ஆனால் அந்தச் சுழல் எப்படி உண்டாகிறது என்று அண்ணன் சாப்பாட்டு மேசையில் டூத்பிக்கை வைத்து விளக்கினார், அது இன்னும் மனசில் நிற்கிறது. பசிபிக்கிலிருந்து வரும் ஓதம் அவாஜியில் முட்டுகிறது. நாருட்டோ ஜலசந்தி 1.3 கிலோமீட்டர்தான் அகலம், அத்தனை தண்ணீரும் அந்த வழியே உடனே நுழைய முடியாது. ஆகவே பெரும்பகுதி தீவின் கிழக்குக் கரையோரம் வடக்கே ஏறி, ஒசாகா விரிகுடாவை நிரப்பி, அகாஷி ஜலசந்தியில் நுழைந்து, மேற்குக் கரையோரம் தெற்கே இறங்கி, நாருட்டோவின் மறுபக்கத்துக்கு வந்துசேர்கிறது. இதற்கு ஐந்தாறு மணி நேரம் ஆகிவிடும். அதற்குள் பசிபிக் பக்கத்தில் கடல் வற்றியிருக்கும். உள்ளே மேடு, வெளியே பள்ளம். சில சமயம் ஒன்றரை மீட்டர்வரை வித்தியாசம். மேட்டுத் தண்ணீர் அந்தச் சந்து வழியே பாய்கிற பாய்ச்சலில்தான் சுழல்கள். பெரிய ஓத நாட்களில் நீரோட்டம் மணிக்கு 20 கிலோமீட்டர்வரை போகுமாம்.

என் அன்றைய சராசரி வேகம் 19.

அதாவது கடலும் அவாயிச்சி போகிறது, தினமும், எங்களுக்கு எதிர்த்திசையில். அதுவும் என்னைவிடச் சீக்கிரமாக.

ஃபுகுராவைத் தாண்டி இன்னும் சில மேடுகள், அதற்கு அப்புறம் வடக்கே திரும்பியதும் வந்தது காற்று. காலையில் முதுகைத் தள்ளிய அதே வடமேற்கு இப்போது நெற்றிக்கு நேராக. மீட்டர் 17, 16 என்று இறங்கியது. இறக்கத்தில்கூட மிதிக்க வேண்டியிருந்தது, அது ஒரு அநியாயம். அண்ணனின் பின் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒட்டிக்கொண்டு போனேன். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க, பின்னால் வருகிறவர் அந்த நிழலில் பிழைப்பது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, பெரிய பந்தயங்களிலும் இதுதான் நடக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஐம்பத்து நான்கு வயது மனிதர் பின்னால்.

தீவின் இந்தத் தென்மேற்கு மூலை வெங்காயச் சீமை. அவாஜி வெங்காயம் என்றால் ஜப்பான் முழுக்க மரியாதை. இனிக்கும், பச்சையாகவே தின்னலாம். வயல்களுக்கு நடுவே சுவரில்லாத மரக் கொட்டகைகள் நிற்கின்றன. மேலே ஓட்டுக் கூரை, கீழே வெறும் தூண்கள். குறுக்குக் கழிகளில் வெங்காயத்தைத் தாளோடு கொத்துக் கொத்தாகக் கட்டி, கூரையிலிருந்து தரைக்கு ஒரு முழம்வரை தொங்கவிட்டிருக்கிறார்கள். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரும்போது தாள்கள் உரசிக்கொள்கிற சரசரப்பு சாலைவரை கேட்கிறது. இப்போதெல்லாம் குளிர்பதனக் கிடங்குகள் வந்து, இந்தக் கொட்டகைகள் குறைந்துவிட்டன என்கிறார்கள். அறுவடை மே, ஜூன். நாங்கள் சரியான நேரத்தில் மாட்டிக்கொண்டோம், ஊரே வெங்காய வாசம்.

ஒரு கொட்டகை ஓரம் ஆளில்லாத கடை. பலகை மேல் பை பையாக வெங்காயம், பக்கத்தில் காசு போடத் தகர டப்பா, பை 100 யென். மூச்சு வாங்க நின்றோம். கொட்டகைக்குப் பின்னாலிருந்து எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி வந்தார். கழுத்துவரை மறைக்கும் பூப்போட்ட தொப்பி, ரப்பர் பூட்ஸ். எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அவாயிச்சி?" என்று கேட்டார்.

"ஹாய், அவாயிச்சி தெஸ்" என்றேன், குனிந்து, ஹெல்மெட்டோடு.

பாட்டி வடமேற்கே திரும்பினார். தொப்பியின் ஓரங்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. கண்ணைச் சுருக்கிச் சிரித்து, "ஈ கஸே தெஸு நே" என்றார். நல்ல காற்று, இல்லையா.

ஒரு மணி நேரமாக நான் அந்தக் காற்றின் ஏழு தலைமுறையைத் திட்டிக்கொண்டு வந்திருந்தேன். "ஆமாம், ரொம்ப நல்ல காற்று" என்றேன். வேறு என்ன சொல்வது? அவருக்கு அது பிழைப்பு. மழைக்காலம் தொடங்க ஒன்றிரண்டு வாரம்தான் இருக்கிறது, அதற்குள் அத்தனையும் காய்ந்தாக வேண்டும். டப்பாவில் நூறு யென் போட்டு ஒரு பை வாங்கினேன். எங்கே வைப்பது என்று அப்புறம்தான் யோசித்தேன். சைக்கிள் சட்டையின் முதுகில் மூன்று பாக்கெட். இடமும் வலமும் இவ்விரண்டு, நடுவில் ஒன்று. அடுத்த அறுபது கிலோமீட்டருக்கு ஒவ்வொரு மிதிக்கும் ஐந்து வெங்காயமும் என் இடுப்பைத் தட்டிக்கொண்டே வந்தன.

கெய்னோ கடற்கரைப் பைன் மரங்கள், கூழாங்கல் கரை, இதையெல்லாம் தலையைக் குனிந்தபடியே தாண்டினேன். மூக்குதான் நிமிரவைத்தது. எய் என்கிற ஊர். சாலையில் கடல் வாசம் போய், யாரோ பூஜை அறைக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு வாசம். ஜப்பானில் கொளுத்தும் ஊதுவத்தியில் பெரும்பங்கு, சுமார் எழுபது சதவீதம், இந்தத் தீவிலிருந்து போகிறது. அதன் மையம் இந்தச் சின்ன ஊர். 2001இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் நாட்டின் நறுமண இடங்கள் நூறைத் தேர்ந்தெடுத்தபோது இதையும் சேர்த்தது. வாசத்துக்குப் பட்டியல் போடும் அமைச்சகம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏன் இங்கே? குளிர்காலம் முழுக்க மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் இந்தக் கரையில் படகு இறக்க முடியாது. வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த ஊர், 1850 வாக்கில், சாகாய் நகரத்து வத்தித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தது. ஈர வத்தியை வெயிலில் காயவைத்தால் வளைந்துபோகும். நிழலில், சீரான காற்றில் காய வேண்டும். அது இங்கே இலவசம். மேற்கே பார்த்த சுவரில் பலகைச் சட்டங்கள் வைத்த ஜன்னல்கள், 'பெகாகோ' என்கிறார்கள். வேண்டிய அளவு திறந்து காற்றை உள்ளே விடலாம். அப்படி ஒரு சுவரைக் கடக்கும்போது அண்ணன் சொன்னார்: "நம்ம காத்து, தம்பி."

இன்னும் பழைய கதை ஒன்று இருக்கிறது. 595இல் இந்தத் தீவின் கரையில் ஒரு கட்டை ஒதுங்கியது. ஊர்க்காரர்கள் விறகு என்று நினைத்து அடுப்பில் வைக்க, புகை நெடுந்தூரம் மணந்ததாம். பயந்துபோய் அரசி சுய்கோவின் அவைக்கு அனுப்பிவைத்தார்கள். நிஹோன் ஷோகி என்ற பழைய வரலாற்று நூலில் எழுதியிருக்கிறது. அது நம்ம அகில் கட்டை. ஜப்பானில் விளையாத மரம், எந்தத் தெற்குக் கரையிலிருந்து, எந்தக் காற்றும் நீரோட்டமும் தள்ளி வந்ததோ.

கடைசி இருபது கிலோமீட்டரில் நோஜிமா. இந்தச் சாலைக்கு மிக அருகில்தான் 1995இல் நிலம் கிழிந்தது. பாலத்தை நீட்டிய அதே நிலநடுக்கம். அதிகாலை 5.46. மொத்தம் 6,434 பேர் போனார்கள், பெரும்பாலும் கோபேயிலும் சுற்றுப்புறத்திலும். பிளவின் 140 மீட்டரை அப்படியே மேலே கூரை போட்டுக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். முன்பொரு முறை பேருந்தில் வந்து பார்த்திருக்கிறேன். நேராக வளர்ந்த வேலிச்செடி ஒன்று நடுவில் வெட்டிப் பக்கவாட்டில் தள்ளிவைத்த மாதிரி நிற்கும். இந்தப் பக்கத்து ஊர்களில் அன்றைக்குச் சுமார் 300 பேர் இடிபாட்டில் சிக்கினார்கள். அக்கம்பக்கத்தாரும் ஊர்த் தீயணைப்புக் குழுவினரும் அன்றைக்கே எல்லோரையும் தோண்டிக் கண்டுபிடித்துவிட்டார்கள். யார் வீட்டில் யார் எந்த அறையில் படுப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அண்ணன் அப்போது மதுரையில் கல்லூரி முடித்திருந்தாராம். அவர் கோபேக்கு வந்த பிறகு குடியிருந்த முதல் வீட்டுக்காரர் அந்த நாளைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கிறார், அதுவும் கேஸ் அடுப்பை எப்படி அணைப்பது என்று சொல்லிக்கொடுக்கும்போது. அதைச் சொல்லிவிட்டு அண்ணன் கொஞ்ச தூரம் முன்னால் போய்விட்டார். நான் அவர் நிழலில் ஒட்டவில்லை.

இவாயாவுக்குள் நுழையும்போது ஏழு மணி ஆகப் போகிறது. பாலத்தில் விளக்கு போட்டுவிட்டார்கள். டிக்கெட் வாங்கி, சைக்கிளைச் சாய்த்து, வெங்காயத்தை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். ஒன்றுகூட நசுங்கவில்லை. என் இடுப்பைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

"தம்பி, உங்க மீட்டர்ல எவ்வளவு காட்டுது?"

"148.6."

"எனக்கு 148.9." அவர் முகம் மாறியது. "நூத்தம்பது ஆகலையே."

"அண்ணே, படகு பத்து நிமிஷத்துல கிளம்பிரும்."

"பத்து நிமிஷம் இருக்குல்ல?"

துறைமுகத்து வாகன நிறுத்தத்தில் ஒரு பூச்செடித் திட்டு இருந்தது. அதைச் சுற்ற ஆரம்பித்தார். படகுக்கு வரிசையில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் எண்ணத் தொடங்கினார்கள். நான்காவது சுற்றில்தான் கவனித்தேன், மனிதர் அப்பிரதட்சணமாகப் போய்க்கொண்டிருந்தார்.

"அண்ணே, இடமாச் சுத்துறீங்க!"

"காத்து இந்தப் பக்கம்தாண்டா நல்லா இருக்கு" என்றார், நிற்காமல்.